மழையைக் கேட்டுப் பிள்ளை பெறும் கங்காரு!

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், வடமேற்கு மூலையில் இருக்கிறது ஸ்டர்ட் தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் புல்வெளியும் பூச்செடியும் கற்பனை செய்ய வேண்டாம். 3 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பில் செம்மண், கல், ஆங்காங்கே நம் வேல மரத்துக்கு உறவான முல்கா மரங்கள். அவ்வளவுதான். 1845-ல் இந்தப் பக்கம் வந்த பயணி சார்லஸ் ஸ்டர்ட், வேறெங்கும் தண்ணீர் இல்லாததால் ஒரே நீர்நிலையை ஒட்டி ஆறு மாதம் முடங்கிக் கிடந்தார். அவர் பெயர்தான் பூங்காவுக்கு.

மனிதர் திணறிய அந்த மண்ணில்தான் சிவப்பு கங்காருக்கள் சர்வசாதாரணமாக வாழ்கின்றன.

பகலில் போனால் ஏமாற்றம்தான். மர நிழலில் மண்ணைப் பறித்து, குளிர்ந்த பள்ளத்தில் படுத்திருக்கும். வெயில் ஏறினால் முன்னங்கைகளை நக்கி ஈரமாக்கிக்கொள்ளும். ஈரம் காயும்போது உடம்பு குளிரும். நம் மண்பானை கணக்கு!

பொழுது சாயும்போது காட்சி மாறும். செந்நிற ஆண்களும் நீலச் சாம்பல் நிறப் பெண்களும் கூட்டமாக மேய வரும். மெதுவாக நகரும்போது வாலைத் தரையில் ஊன்றி ஐந்தாவது கால் போலப் பயன்படுத்துவதைப் பார்க்கலாம். டி.வி-யில் தாவல்தான் காட்டுவார்கள். இந்த நடை அதைவிட அழகு.

ஆனால், உண்மையான அதிசயம் தாயின் வயிற்றில் நடக்கிறது. கருவுற்று சுமார் 33 நாட்களில், ஒரு கிராம்கூட எடையில்லாத குட்டி பிறக்கும். கண் திறக்காத அந்த அவரைக்கொட்டை அளவு உயிர், தாயின் ரோமத்தைப் பற்றித் தானே ஏறிப் பைக்குள் போய்க் காம்பைக் கவ்விக்கொள்ளும். அடுத்த ஓரிரு நாட்களிலேயே தாய் மீண்டும் கருவுறும். பையில் ஒன்று பால் குடிக்கும் வரை, உள்ளே இருக்கும் கரு வளராமல் அப்படியே காத்திருக்கும். பையை விட்டு வெளியேறிய மூத்த குட்டியும் தலையை நுழைத்துப் பால் குடிக்கும். பெரியதுக்கு ஒரு பால், சின்னதுக்கு வேறு பால். இரண்டும் ஒரே தாயிடம், ஒரே நேரத்தில்!

மழை பொய்த்தால் இந்த ஏற்பாடு கலங்கும். புல் கருக, பால் வற்றும். பைக்குட்டி இறக்கும். காத்திருந்த கரு அந்த இடத்துக்கு வரும். அதுவும் பிழைக்காமல் போகலாம். வறட்சி நீடித்தால் தாய் கருவுறுவதையே நிறுத்திவிடும். மழை விழுந்து பசும்புல் வந்தால்தான் மறுபடி தொடங்கும்.

மழைக்குப் பிறகு பயணிகளுக்கும் ஒரு சிக்கல் உண்டு. சாலையில் விழும் நீர் ஓரங்களில் வடிவதால் முதல் புல் அங்கேதான் முளைக்கும். கங்காருக்களும் அங்கேதான் மேயும். அதனால் அருகிலுள்ள டிபூபுர்ரா ஊருக்கு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது நல்லது.

அடிபட்ட கங்காருவைச் சாலையோரம் கண்டால், வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்திப் பையைப் பார்க்கச் சொல்கிறார்கள் வன உயிர் மீட்பாளர்கள். தாய் இறந்த பிறகும் உள்ளே குட்டி உயிரோடு இருக்கலாம். காம்பைக் கவ்வியிருந்தால் பிடித்து இழுக்கக் கூடாது. மீட்பாளர்களை அழைத்து, அவர்கள் வரும் வரை குட்டிக்குக் கதகதப்பு கொடுத்தால் போதும்.