புளியங்கொட்டைப் படையும் தீப்பெட்டி வண்டியும்

கட்டைவிரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களை மேஜையில் நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிப் போர் நடத்தும் விளையாட்டைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வெளிநாடுகளில் பேரன் பேத்தி எடுத்த பெரியவர்கள்கூட இதை மணிக்கணக்கில் ஆடுகிறார்கள். சிப்பாய்க்குச் சட்டைப் பட்டன் வரை பெயின்ட் அடிக்கிறார்கள். மேஜையில் மலை, ஆறு, பாலம் எல்லாம் செய்து வைக்கிறார்கள்.

எட்டாவது படிக்கும் என் மகன் இதை யூடியூபில் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, வார்ஹாமர் வாங்கித் தர்றியா?" என்றான். விலையைப் பார்த்தேன். ஒரு பெட்டியே ஆயிரக்கணக்கில். ஒரு படை சேர்க்க இப்படிப் பல பெட்டி வேண்டுமாம். வேளச்சேரியில் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு வாடகை கொடுத்து, இரண்டு பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிறவர்களுக்கு இது ஆகிற கதையா?

ஆனால் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பொம்மைதான் காசு. விதிகள் பல இடங்களில் இலவசம். விதி மட்டும் இருந்தால் போதும், பொம்மைக்கு நம் வீட்டில் பஞ்சமா என்ன?

யோசித்துப் பார்த்தால், இலவச விதியில் போர் விளையாடுவது நமக்குப் புதிதே இல்லை. ஆடு புலி ஆட்டம் வேறென்ன? மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டலாம், ஆட்டுக்கு அந்த உரிமை கிடையாது. கூட்டமாக நின்று, புலி நகர இடமில்லாமல் அடைப்பது ஒன்றுதான் ஆட்டின் ஆயுதம். இரண்டு பக்கமும் சம பலமில்லாத சண்டையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் விதியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையில் இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருப்பார்கள். அடுத்த முறை போகும்போது காலடியில் பாருங்கள்.

பொம்மைச் சிப்பாய்க்கான இலவச விதிகளில் எனக்கு முதலிடம், எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்'. காலயந்திரக் கதை எழுதினாரே, அதே வெல்ஸ். அவர் 1946-ல் இறந்துவிட்டார். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் நம் நாட்டில் அவருடைய நூல் பொதுச்சொத்து. குட்டன்பர்க் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. பன்னிரண்டு வயதிலிருந்து நூற்றைம்பது வயது வரையிலான பையன்களுக்கு என்று தலைப்பிலேயே போட்டிருப்பார். கூடவே, பையன்களின் விளையாட்டை விரும்பும் கெட்டிக்காரப் பெண்களுக்கும் என்று ஒரு வால் இருக்கும். ஐந்தாவது படிக்கும் என் மகள் அந்த வாலைப் படித்துவிட்டு, "அப்போ எனக்கும்தான்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

வெல்ஸின் விதி எளிது. காலாள் ஒரு முறைக்கு ஒரு அடி நகரலாம், குதிரை இரண்டு அடி. பீரங்கியை ஒன்று நகர்த்தலாம், அல்லது சுடலாம். இரண்டும் ஒரே முறையில் கூடாது. சுட்டால் நான்கு குண்டு வரை. பக்கத்தில் நாலு ஆளாவது இல்லாவிட்டால் பீரங்கி வெறும் இரும்பு. நகர்த்தவும் நேரக் கணக்கு உண்டு. முப்பது ஆளுக்கு ஒரு நிமிஷம் என்று கடிகாரம் வைத்து ஆட வேண்டும். அந்த அவசரத்தில்தான் சுவாரஸ்யமே. அவருடைய பீரங்கி நிஜமாகவே மரக்குண்டைச் சுடும் பொம்மை. அதற்கு எங்கே போவது? கேரம் போர்டு ஸ்ட்ரைக்கரை எடுத்தோம். குறித்த இடத்திலிருந்து சுண்ட வேண்டும், விழுந்த சிப்பாய் அவுட்.

அளப்பதற்கும் டேப் தேவைப்படவில்லை. எங்கள் ஹாலில் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ். காலாளுக்கு அரை டைல், குதிரைக்கு ஒரு டைல். வாடகை வீட்டு டைல்ஸால் இப்படியும் ஒரு உபயோகம்!

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா போன பிறகு வேலூர்ப் பக்கத்துக் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து இருக்கிறார். ராணுவத்தில் பதினைந்து வருஷ சர்வீஸ். 1971 போரின்போது கிழக்கு எல்லையில் லாரி ஓட்டினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு வரிதான். அம்மாவுக்கும் இதற்கு மேல் தெரிந்திருக்காது. பெரியவன் மொபைலில் துப்பாக்கி விளையாட்டு ஆடும்போது சத்தம் கேட்டால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவார். திட்டமாட்டார், எதுவும் சொல்லமாட்டார். மாடியில் காயும் துணியை மடித்துக்கொண்டு நிற்பார்.

அதனால் ஹாலில் போர்க்களம் விரிக்கும்போது எனக்கு உள்ளுக்குள் உதைப்புதான். பெரியவன் பாட்டுக்கு, "அடையாறு சண்டையை ஆடலாம்மா" என்று ஆரம்பித்தான்.

அடையாறு சண்டை தெரியுமா? அடையாறு ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், இன்றைக்கு நாம் பாலத்தில் ஏறி ஹாரன் அடித்துக்கொண்டே சாந்தோமுக்குப் போகிறோமே, அந்த வட்டாரத்தில் 1746 ஐப்பசியில் நடந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து சென்னைக் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். கோட்டையைத் தன்னிடம் ஒப்படைக்கவில்லை என்று ஆற்காடு நவாப் அன்வாருதீன், தன் மகன் மாபூஸ்கானைப் படையோடு அனுப்பினார். பத்தாயிரம் பேர் இருக்கும் என்பார்கள். புதுச்சேரியிலிருந்து வந்த பாரடிஸ் என்ற சுவிட்சர்லாந்துக்காரரிடம் சிப்பாய்களையும் சேர்த்து ஆயிரம் பேர் சுமார். அந்த ஆயிரம் பேர் ஆற்றில் இறங்கிக் கடந்து, வரிசையாக நின்று சுட்டு, கத்தி செருகிய துப்பாக்கியோடு ஓடி வந்ததில், பத்தாயிரம் பேர் சாந்தோம் தெருக்களுக்குள் நெருக்கியடித்து ஓடினார்கள். எண்ணிக்கையை விடப் பயிற்சிதான் ஜெயிக்கும் என்று ஐரோப்பியர்கள் இந்தியாவில் கணக்குப் போட்டது இங்கேதான். பிறகு நடந்ததெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. இது மட்டும் என் பள்ளிப் பாடத்தில் இல்லை.

ஐம்பது பேருக்கு ஒரு ஆள் என்று வைத்தோம். பிரெஞ்சுப் படைக்கு இருபது காகிதச் சிப்பாய். 'ஜூனியர் ஜெனரல்' என்று ஒரு தளம் இருக்கிறது, பல காலத்துப் படைகளின் காகிதப் பொம்மைகளும் எளிய விதிகளும் அங்கே இலவசம். ஜெராக்ஸ் கடையில் கலர் பிரின்ட் எடுத்து, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டினோம். நவாப் படைக்கு இருநூறு பேர் வேண்டும். அத்தனை பிரின்ட் கட்டுப்படியாகாது. சமையலறை டப்பாவிலிருந்து இருநூறு புளியங்கொட்டை வந்தது. ஆற்றுக்கு என் நீலத் துப்பட்டா.

முதல் இரண்டு ஆட்டத்திலும் புளியங்கொட்டைதான் ஜெயித்தது. சரித்திரம் தலைகீழ்! காரணம் யோசித்தோம். புளியங்கொட்டைக்குப் பயம் கிடையாது, கடைசி ஆள் வரை நிற்கிறது. அதற்கு 'ஒன் பேஜ் ரூல்ஸ்' என்ற இலவச விதியிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கினோம். பெயருக்கேற்ற மாதிரி சுருக்கமான விதிகள். எதிரியின் முறை முழுக்க முடியட்டும் என்று சும்மா காத்திருக்க வேண்டியதில்லை, நீ ஒரு குழு, நான் ஒரு குழு என்று மாறி மாறி நகர்த்தலாம். சின்னப் பிள்ளைகளோடு ஆட இதைவிட நல்லது இல்லை. அதில் ஒரு குழு பாதியாகக் குறைந்தால் மன உறுதிக்குப் பகடை போட வேண்டும். நாங்கள் அதை லேசாக மாற்றி, குழுவில் பத்துப் பேர் விழுந்தாலே பகடை, மூன்றோ அதற்குக் குறைவோ விழுந்தால் ஒரு டைல் பின்வாங்கு என்று வைத்தோம். மூன்றாவது ஆட்டத்தில் நவாப் படை சோபாவுக்கு அடியில் ஓடியது.

"சே, கோழைங்க!" என்றான் பெரியவன்.

அப்பா அப்போதுதான் மாடியிலிருந்து வந்தார். துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு நின்று பார்த்தார். "ஓடறவனைத் தப்பாப் பேசாத தம்பி. ஓடினவன்ல பாதிப் பேராவது வீடு போய்ச் சேர்ந்திருப்பான்" என்றார். பிறகு தரையைக் காட்டி, "இத்தனை பேருக்கும் சோறு எங்கேருந்து வருது?" என்று கேட்டார்.

யாரிடமும் பதில் இல்லை.

"தண்ணி? தோட்டா? எல்லாம் தீர்ந்துபோனா என்ன செய்வான்?" என்று கேட்டுக்கொண்டே பூஜை அறைக்குப் போய் இரண்டு தீப்பெட்டி எடுத்து வந்தார். படைக்கு ஒன்று. தீப்பெட்டியிலிருந்து இரண்டு டைலுக்கு மேல் தள்ளிப் போன குழு சுட முடியாது. தீப்பெட்டியை எதிரி பிடித்துவிட்டால், மூன்று முறைக்குள் மீட்காவிட்டால் தோல்வி. அவ்வளவுதான் அவர் விதி.

இந்த ஒரு விதியில் ஆட்டமே மாறிப்போனது. சும்மா முன்னால் பாய்ந்துகொண்டிருந்த பிள்ளைகள் பின்னால் பார்க்க ஆரம்பித்தார்கள். சின்னவள் தன் படையில் பாதியைத் தீப்பெட்டிக்குக் காவல் வைத்தாள். துப்பட்டாவைத் தாண்டி வண்டியை எங்கே கொண்டுபோவது என்று கால் மணி நேரம் விவாதம். அப்பா மோடாவை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குத்தான் பெரியவன் கேட்டான். "தாத்தா, நீங்க யாரையாவது சுட்டிருக்கீங்களா?"

எனக்குக் கை நடுங்கியது. அப்பா கோபப்படவில்லை. "நான் அரிசி மூட்டை ஏத்தினேன்டா. டீசல் ஏத்தினேன். ராத்திரியில லைட் போடாம ஓட்டணும். முன்னாடி போற வண்டியோட பின்பக்கத்துல சின்னதா வெள்ளைப் புள்ளி அடிச்சிருப்பாங்க, அதைப் பார்த்துட்டே போகணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு நாள் அந்தப் புள்ளி இல்லாமப் போச்சு" என்றார்.

முன்னால் போன வண்டி என்னவாயிற்று என்று பெரியவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வண்டி ஓட்டியவர் திருச்சிக்காரர் என்பதும், இருவரும் ஒரே டம்ளரில் டீ குடிப்பார்கள் என்பதும் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை கழித்து, ஆட்டத்தின் நடுவில், பகடையைக் கையில் வைத்துக்கொண்டு அவராகவே சொன்னது. ஐம்பது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கதை.

இப்போது அவர்தான் எங்கள் நடுவர். இதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1824-ல் போர்ப் பயிற்சிக்காக ஒரு விளையாட்டை விதிகளோடு வெளியிட்டார். இரண்டு அணிக்கும் நடுவே ஒரு நடுவர் இருப்பார். எதிரி எங்கே இருக்கிறான் என்பதில், உன் படை கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் அவர் உனக்குச் சொல்வார். விதிகள் பெருகிப்போய் ஆட்டம் நகராமல் நின்றதால், 1876-ல் ஃபெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு அதிகாரி, விதிப் புத்தகத்தை மூடிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே விதியாக வைக்கலாம் என்றார். இலவச விதிகளில் இதைவிட இலவசம் ஏது? ஆனால் அனுபவமுள்ள ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். விண்கலப் போர் பிடித்தவர்களுக்கு 'ஃபுல் த்ரஸ்ட்'. ஒவ்வொருவரும் தன் கலம் எங்கே போகும் என்று ரகசியமாக எழுதி வைத்து, ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். சட்டைப் பட்டன்களை வைத்தே ஆடலாம். என் வீட்டுக்காரருக்கு அதுதான் பிடிக்கும், பேசாமல் ஆடலாம் என்பதால். பெரியவன் ஆசைப்பட்ட வார்ஹாமரின் அடிப்படை விதிகளும் 2023-ல் வந்த பதிப்பில் இலவசமாகவே கிடைத்தன. படித்துப் பார்த்தோம். எனக்குத் தலை சுற்றியது, அவனுக்கும்தான் என்று நினைக்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை.

வெல்ஸ் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், நிஜப் போர் எவ்வளவு முட்டாள்தனமானது என்பதை இந்தப் பொம்மைப் போர் ஆடினாலே புரிந்துகொள்ளலாம் என்ற பொருளில் எழுதியிருப்பார். மறு வருஷமே, 1914-ல், முதல் உலகப் போர் வந்துவிட்டது. அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். "அவரு நல்ல மனுஷன்தான்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அவருடைய இன்னொரு விதியும் உண்டு. ஆட்டம் முடிந்ததும் விழுந்ததையும் நின்றதையும் சேர்த்து எண்ணி நோட்டில் எழுத வேண்டும். இருநூறு புளியங்கொட்டை, இருபது காகிதம். எண்ணிக்கை சரியாக வந்தால்தான் டப்பாவை மூடலாம். ஒன்று குறைந்தாலும் சோபாவை நகர்த்தித் தேடச் சொல்வார். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே தேடுவார்கள்.

அடுத்தது 1760-ல் நடந்த வந்தவாசிப் போர். ஊரிலிருந்து வந்தவாசி பக்கம்தான், தனக்கு வழி தெரியும் என்கிறார் அப்பா. பள்ளி லீவில் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிப்போய்க் கோட்டையைக் காட்டிவிட்டு வந்து ஆடலாம் என்று திட்டம். அதற்கு இன்னும் நாற்பது காகிதச் சிப்பாய் வேண்டும். கல்யாணப் பத்திரிகை அட்டை தீர்ந்துவிட்டது.