மூன்று புள்ளிகள்



போன மாதம் மடல் வரவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். ஐந்து வாரமாகச் சனியும் ஞாயிறும் ஒரு கொட்டகையில்தான் குந்தியிருக்கிறேன். மலேசியாவில் நான் இருக்கும் பந்திங் ஊரைத் தாண்டி, மோரிப் போகும் சாலையில், செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக இருக்கிறது அது. உள்ளே மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்த ஒரு பழைய பட்டாள லோரியின் சேசிஸ். நம்மூர் லாரி இங்கே லோரி. இருபத்திரண்டு வருடத்தில் என் வாயிலும் அப்படியே படிந்துவிட்டது.

கேபின் இல்லை, என்ஜின் இல்லை, பெட்டி இல்லை. இரண்டு நீளச் சட்டம், அவற்றைக் கோக்கும் குறுக்குச் சட்டங்கள், பின்னால் ஒரு டிஃபரென்ஷியல் ஹவுசிங், முன்னாலும் ஒரு ஹவுசிங். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்பதற்கு அந்த முன் ஹவுசிங்தான் சாட்சி. எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் தாத்தா இந்த மாதிரி வண்டிகளை ‘டிஸ்போசல் வண்டி’ என்பார். போர் முடிந்ததும் பட்டாளம் ஏலம் விட்டது. இந்த நாட்டில் மலைக்காடுகளில் கட்டை இழுத்த பழைய பட்டாள லோரிகளுக்குச் ‘சான் தாய் வோங்’ என்று பெயர். சீனத்தில் மலைக்கு ராஜா என்று அர்த்தம்.

கொட்டகைக்காரர் கிள்ளானில் லோரி வைத்துத் தொழில் செய்பவர், தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறியபோது பழைய இரும்பாக எடைக்குப் போகவிருந்ததைக் கூடுதல் விலை கொடுத்துத் தூக்கி வந்தார். “இது மோரிப்புல எறங்குன வண்டி சார்” என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சோதிக்கத்தான் என்னையும் ஓர் அண்ணனையும் கூப்பிட்டார். அண்ணன் தோட்டப் பட்டறையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தெட்டு வயது. கண் கொஞ்சம் மங்கிவிட்டது, விரல் மங்கவில்லை.

மோரிப் கதையைச் சொல்லியாக வேண்டும். பந்திங்கிலிருந்து காரில் போனால் சீக்கிரம் வந்துவிடும் கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை பட்டம் விட வருகிற கூட்டத்துக்கு நடுவே ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. 1945 செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ் இந்தியப் படை இங்கே இறங்கியது. மலாயாவை ஜப்பானியரிடமிருந்து மீட்கப் போட்ட அந்தத் திட்டத்துக்கு ‘ஆபரேஷன் ஜிப்பர்’ என்று பெயர். ஆகஸ்டிலேயே ஜப்பான் சரணடைந்துவிட்டதால் எதிர்த்துச் சுட ஆளில்லை. ஆனால் கடற்கரை எதிர்த்தது. கரைக்கு முன்னாலிருந்த சேற்றிலும் இளமணலிலும் வண்டி வண்டியாகப் புதைந்து நின்றன. எதிரே பீரங்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று படை வரலாறு எழுதியவர்களே கவலைப்பட்டிருக்கிறார்கள்.

இறங்கியவர்களில் 25-ஆவது இந்திய டிவிஷனும் உண்டு. 1942-ல் பெங்களூரில் உருவாகி, முதலில் தென்னிந்தியக் காவலுக்கு வைக்கப்பட்ட படை அது. அதன் சின்னம் பச்சைப் பின்னணியில் கறுப்பு இஸ்பேட் ஆஸ். கொட்டகைக்காரர் அந்த இஸ்பேட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தார். சின்னம் எழுதுகிற இடம் மட்கார்டும் பெட்டியும். அவை எப்போதோ துருவாகிப் போய்விட்டன.

தோட்டத்து மூத்தவர்களுக்குப் பட்டாள லோரி என்றால் 1945-க்கு முந்திய ஞாபகமும் உண்டு. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தம் செய்தன. கேட்டதில் சம்பளம் மட்டுமில்லை, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகிற உரிமையும் இருந்தது. தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதனை மே மாதம் கைது செய்து பிறகு நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து, இந்தியச் சிப்பாய்களையே கொண்டுவந்து இறக்கினார்கள். சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். நான் இங்கே வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர், லோரிச் சத்தம் கேட்டாலே லயத்துக் கதவைச் சாத்திய நாட்களைச் சொல்லியிருக்கிறார். நான்கு வருடம் கழித்து மோரிப்பில் வந்து இறங்கியதும் அதே மாதிரி லோரி, அதே மாதிரி தலைப்பாகை. அதனால் இந்த வண்டியைப் பார்த்து வெறுமனே பூரிக்க எனக்கு வரவில்லை.

சரி, இரும்புக்கு வருகிறேன்.

பழைய வண்டியில் கேபின் மாறும், என்ஜின் மாறும், கியர் பெட்டி மாறும். மாறாமல் கடைசிவரை நிற்பது சேசிஸ்தான். அண்ணன் முதலில் செய்தது, ஒரு நட்டில் ஸ்பேனர் வைத்துப் பார்த்தது. பழைய இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் விட்வொர்த் மரை. அதன் ஸ்பேனரில் போல்ட்டின் தடிமன் எழுதியிருக்கும். அமெரிக்க வழியில் நட்டின் எதிரெதிர் முகங்களுக்கு இடைப்பட்ட அகலம். அகல அளவு ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தது. “அமெரிக்கச் சாதி” என்றார். கனடாவும் அதே மரைதான்.

போர்க்காலத்தில் காமன்வெல்த் படைகளுக்கு லோரி கொட்டியது கனடாதான். விண்ட்சரில் ஃபோர்டு, ஓஷாவாவில் ஜெனரல் மோட்டார்ஸ். பார்வைக்கு ஒரே அச்சு, உள்ளே வேறு வேறு: ஃபோர்டுக்கு வி-8 என்ஜின், 95 குதிரைத்திறன், செவர்லேக்கு நேர்வரிசை ஆறு சிலிண்டர், 85. பாகம் பாகமாகப் பிரித்துப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றி, பம்பாயில் மறுபடி பூட்டிய வண்டிகளும் ஏராளம். என்ஜின் உட்காரும் தாங்கிகளைப் பார்த்து இது ஃபோர்டு என்று முடிவு செய்தோம். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை டேப் பிடித்தோம். 134 அங்குலம். அந்த வரிசையில் 101, 134, 158 என்று மூன்று அளவு முக்கியம். 134 என்றால் 158-ஐவிடக் குட்டையான வகை. எல்லாம் பொருந்துகிறது என்று அன்று மாலை கோப்பி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அடுத்த வாரம் ஒரு தப்பு நடந்தது. சேசிஸ் எண் பொறித்த இடம் சட்டத்தின் மேல்முகத்தில் தாரும் பெயிண்டும் மூடிக் கிடந்தது. சுத்தம் செய்ய வந்த வெளிப் பட்டறைப் பையன் கிரைண்டரை வைத்துவிட்டான். இரண்டு நொடி. தீப்பொறி பறந்ததும் கத்தினேன். அதற்குள் முதல் எழுத்து வழவழவென்று போய்விட்டது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். பழைய சேசிஸ் கையில் கிடைத்த யாரும் இதை மனதில் வையுங்கள்: எண் கண்ணில் படும்வரை கிரைண்டர் பக்கத்தில் வரக்கூடாது. பெயிண்ட் கரைசல், பித்தளைப் பிரஷ், பழந்துணி, பொறுமை. இவை போதும்.

போன எழுத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு வழி உண்டு. எண்ணை அடிக்கும்போது அச்சு, கண்ணுக்குத் தெரிகிற பள்ளத்துக்கும் கீழே எஃகை நெருக்கிவிடுகிறது. மேலே தேய்த்து எடுத்தாலும் அந்த நெருக்கம் உள்ளே தங்கும். திருட்டு வண்டிகளைப் பிடிக்கத் தடயவியல்காரர்கள் இதைத்தான் நம்புகிறார்கள். இடத்தைக் கண்ணாடிபோலத் தேய்த்து, அமிலம் கலந்த செப்புக் கரைசலைப் பஞ்சில் தொட்டுத் தடவ வேண்டும். நெருக்கப்பட்ட எஃகை அமிலம் வேறு மாதிரி அரிக்கும். கையுறை போட்டு, கொட்டகைக் கதவுகளையெல்லாம் திறந்து வைத்துச் செய்தோம். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு டார்ச்சைச் சட்டத்தோடு சட்டமாகப் படுக்க வைத்து அடித்தபோது, மூச்சு விட்ட கண்ணாடியில் விரலால் எழுதின மாதிரி ஒரு வளைவு எழுந்தது. அதன் கீழே இன்னொரு வளைவு. மூன்றா, எட்டா?

“எட்டு வராது” என்றார் அண்ணன். ஃபோர்டு இந்த எண்ணின் முதல் இலக்கத்தில் வருடத்தை வைக்கும். இந்த வகை வண்டிகள் 1945-க்குள் முடிந்துவிட்டன. ஆகவே மூன்று, 1943. அடுத்து ஜி, பிறகு வரிசை எண். கறுத்த ஈர எஃகில் அது தெரிந்த சில நிமிடத்துக்குள் படமெடுத்துவிட்டு எண்ணெய் பூசினோம். மறுபடி யாரும் அங்கே எண் அடிக்கக்கூடாது. அது பொய்யும் குற்றமும் ஆகும். படமும் பென்சில் தேய்த்த காகிதமும் போதும்.

இதற்குப் பிறகு கிடைத்ததுதான் இந்த மடலை எழுத வைத்தது.

இடப்பக்கச் சட்டத்தில் பித்தளைப் பிரஷ் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் சட்டென்று நின்றார். என் விரலைப் பிடித்து ஓர் இடத்தில் வைத்தார். அரைநிலா. ஒரு ரிவிட்டு ஓட்டையின் பாதி. மறுபாதி இல்லை. சரிவாக ஒரு கோடு ஓடி, அந்த ஓட்டையை வெட்டிக்கொண்டு போகிறது. உட்புறம் தடவினால் நுனி சீவிய நீளத் தகடு. சட்டத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்! 158 அங்குல வண்டி. இரண்டு அடியைக் கழித்து 134 ஆக்கிய வேலை. நாங்கள் தொழிற்சாலை அளவென்று நம்பிக் கோப்பி குடித்தது தோட்டப் பட்டறையின் அளவு.

வெட்டின நேர்த்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சட்டத்தை நேர்குறுக்காக வெட்டி ஒட்டினால் பாரம் முழுக்க அந்த ஒரு கோட்டில் விழும், ஒருநாள் அங்கேயே விரியும். அதனால் சரிவாக வெட்டியிருக்கிறார். தகட்டின் நுனிகளையும் சாய்த்துச் சீவியிருக்கிறார், பாரம் ஓரிடத்தில் முட்டாமல் பரவட்டும் என்று. குறுக்களவு பிடித்துப் பார்த்தோம், முன் இடமூலை பின் வலமூலை, முன் வலமூலை பின் இடமூலை. வித்தியாசம் அரைக்கால் அங்குலம்கூட இல்லை. தூக்குக்குண்டும் நூலும் வைத்துச் செய்த வேலை. இந்தக் கோலலங்காட் வட்டாரத் தோட்டங்கள் தாழ்ந்த கரையோர நிலம், பார்த்த இடமெல்லாம் வடிகால், அதன்மேல் குறுகலான பலகைப் பாலம். நீள வண்டி அங்கே திரும்பாது. அந்த இரண்டு அடியின் காரணம் அதுதான் என்கிறார் அண்ணன்.

தகட்டின் ஓரத்தில் சென்டர் பஞ்ச்சால் மூன்று புள்ளி. முக்கோணமாக. அண்ணன் அதைப் பார்த்ததும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பதினைந்து வயதில் தோட்டப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது, அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த வாத்தியார் முடித்த வேலையில் இப்படித்தான் அடிப்பாராம். எழுதப் படிக்கத் தெரியாதவர். “அவரு கையெழுத்துய்யா இது” என்றார். வெகுநேரம் வேறெதுவும் பேசவில்லை.

இப்போது வாக்குவாதம். கொட்டகைக்காரருக்கு வண்டியை 158 அங்குலத்துக்கே திருப்பி, பழைய பட்டாளப் பச்சை அடித்து, ‘மோரிப் 1945’ என்று எழுத ஆசை. நான் இரண்டுக்கும் மறுத்தேன். போருக்குப் பின்னும், 1948-க்குப் பிந்திய அவசரகாலத்திலும் பட்டாள வண்டிகள் பல வழியாக இந்த நாட்டுக்குள் வந்தன. 1943-ல் கனடாவில் பிறந்தது என்று இரும்பு சொல்கிறது, மோரிப்பில் இறங்கியது என்று சொல்லவில்லை. சொல்லாததை நாம் பெயிண்டில் எழுதக்கூடாது. வெட்டை அவிழ்ப்பது அதைவிடப் பெரிய தப்பு. பட்டாளத்தில் இந்த வண்டி ஓடியது சில வருடம். குட்டையாகித் தோட்டத்தில் ஓடியது பல பத்து வருடம். விண்ட்சர் தொழிற்சாலையில் அடித்த எண்ணுக்குப் பஞ்சு வைத்து அமிலம் தடவினோம். ஒரு தமிழ்ப் பிட்டர் கையால் அடித்த புள்ளியைக் கிரைண்டரால் கரைப்பதா? இப்படி நான் குரலை உயர்த்தியது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள், “134-லயே நிக்கட்டும் சார்” என்றார். ‘மோரிப் 1945’ என்று எழுதும் விஷயம் இன்னும் பேச்சில் இருக்கிறது.

போன ஞாயிறு சட்டத்துக்குத் துருத்தடுப்பு பிரைமர் அடித்தோம். ஆரம்பிக்கும் முன் அண்ணன் சுண்டுவிரலில் கிரீஸ் எடுத்து, பெயிண்ட் பிடிக்காமலிருக்க அந்த மூன்று புள்ளியிலும் ஒவ்வொன்றாக வைத்தார்.