கரியப்பா மைதானமும் கட்கித் தமிழரும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவுப் பணி முடிந்து வீடு திரும்பிய களைப்பையும் பாராமல், பத்து வயது மகனை அழைத்துக்கொண்டு அல்சூரிலிருந்து சாந்திநகருக்குப் பேருந்தில் புறப்பட்டேன். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், அக்கிதிம்மனஹள்ளியில், ஃபீல்டு மார்ஷல் கரியப்பாவின் பெயர் தாங்கிய ஹாக்கி மைதானம் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் உறவினருக்கு லால்பாக்கையும் விதான சௌதாவையும் காட்டுகிறோம். இந்த மைதானத்தைக் காட்டுவோர் நம்மில் அரியர்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது செயற்கைப் புல்தரை. அதன்மீது நீர் தெளித்துவிட்டு ஆடுகிறார்கள். மண்தரையில் பந்து துள்ளும், திசை மாறும். இங்கோ வழுக்கிக்கொண்டு விரைகிறது. 1976-ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இத்தகைய தரை விரிக்கப்பட்டது. புல்லிலும் மண்ணிலும் பழகிய நம் நாட்டார் அதில் தடுமாறினர். 1980-இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கிய வாசுதேவன் பாஸ்கரன் நம் தமிழர். அதற்குப் பின் ஒலிம்பிக்கில் தங்கம் கிட்டவில்லை. 2021-இல் டோக்கியோவிலும், 2024-இல் பாரிசிலும் வெண்கலம் கிடைத்தது.

சிறுவர் பலர் ஆடிக்கொண்டிருந்தனர். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நெடுநேரம் பார்த்திருந்த என் மகன், "அப்பா, இந்த ஆட்டம் ஆடினால் எந்தெந்த ஊருக்கெல்லாம் போகலாம்?" என்று கேட்டான். இருப்புப்பாதை ஊழியன் மகன் வேறு எதைக் கேட்பான்? நான் அவனுக்குத் தன்ராஜ் பிள்ளையின் வரலாற்றைச் சொன்னேன்.

புனே நகரை அடுத்த கட்கியில், 1968-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், நாகலிங்கம் பிள்ளை – ஆண்டாளம்மா என்ற தமிழ்த் தம்பதியருக்கு நான்காவது மகனாகப் பிறந்தவர் அவர். தந்தையார் படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பில் மைதானப் பணியாளர். ஐந்து ஆண்மக்கள் கொண்ட ஏழைக் குடும்பம். ஆயினும் அந்த அன்னை, பிள்ளைகள் ஹாக்கி ஆடுவதைத் தடுத்தாரில்லை. உடைந்த மட்டைகளையும் பிறர் கழித்த பந்துகளையும் கொண்டு சேற்றுத் தரையில் பழகினார்கள்.

கட்கியும் நம் அல்சூரும் ஒருவகையில் உடன்பிறப்புகள். 1809-இல் அமைந்த பெங்களூர்த் தண்டுப் பகுதியை ஒட்டி, பட்டாளத்தின் பின்னாலும் பிழைப்பின் பின்னாலும் வந்து குடியேறிய தமிழர் எத்தனையோ பேர். இங்கே அல்சூர் ஏரிப் பக்கம் மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகம்; அங்கே கட்கியில் பம்பாய் சாப்பர்ஸ் படையின் தலைமையகம். ஆகவே, தன்ராஜின் வீட்டை நான் கண்டதில்லையெனினும், அந்தக் குடியிருப்பு எப்படி இருந்திருக்கும் என்பதை என்னால் எண்ணிப் பார்க்க முடிகிறது. நேயர்களாலும் முடியும்.

அண்ணன் ரமேஷ் பம்பாயில் ஆடிவந்தார். தம்பியையும் அங்கே வரவழைத்துக்கொண்டார். 1989-இல் இந்திய அணியில் இடம்பெற்ற தன்ராஜ் 2004 வரை ஆடினார். ஒலிம்பிக் நான்கு, உலகக் கோப்பை நான்கு, ஆசிய விளையாட்டு நான்கு. இடையிடையே அயல்நாட்டுக் கழகங்களும் அவரை அழைத்தன. லண்டனில் இந்தியன் ஜிம்கானா, பிரான்சில் லியோன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட், டாக்காவில் அபாஹனி, ஹாங்காங்கில் கால்சா, மலேசியாவில் இரண்டு அணிகள் என ஆறு நாடுகளில் அவர் மட்டை பிடித்தார்.

இவ்வளவும் கேட்ட மகன், "அப்படியானால் பணம் நிறையச் சேர்ந்திருக்கும்" என்றான். அங்கேதான் நான் சற்றுத் தயங்கினேன்.

கழகங்கள் பருவத்துக்கு அழைப்பவை. பருவம் முடிந்தால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். தன்ராஜுக்கு நிலையான நிழலாக இருந்தது விமான நிறுவனத்து வேலை. ஹாக்கிக்காரர் பலருக்கு ரயில்வே, வங்கி, பட்டாளம் என்று ஏதேனும் ஓர் உத்தியோகமே சோறு போட்டது. 1998-இல் பாங்காக்கில் அவர் தலைமையில் இந்தியா, 32 ஆண்டுகளுக்குப் பின் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. இறுதி ஆட்டத்தில் தென்கொரியரின் தண்டனை அடிகளைத் தடுத்தவர் நம் பெங்களூர் ஆஷிஷ் பல்லால். நாடே மகிழ்ந்தது. ஆனால், அடுத்த அணியில் தன்ராஜும் வேறு சிலரும் இல்லை! ஓய்வு கொடுத்தோம் என்றனர் பொறுப்பாளர்கள். ஆட்டக்காரருக்குச் சேரவேண்டிய பணத்தைக் குறித்து வாய் திறந்ததற்குக் கிடைத்த பலன் அது என்றே பலர் கருதினர். பின்னர் அவர் அணிக்குத் திரும்பினார். 2003-இல் ஆசியக் கோப்பையையும் வென்று தந்தார்.

வெளியூரில் பிழைப்போர்க்கு இது புதிய செய்தியன்று. உழைக்கும்வரை புகழ், கூலியைக் கேட்டால் முகம் சுளிப்பு. வந்த இடத்தில் வாய் திறவாதே என்றுதான் நம் பெரியவர்கள் நமக்குச் சொல்லி வளர்த்தார்கள். அவர்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும், வாயடைத்திருப்பதால் வரும் இழப்பும் உண்டு.

என் இழப்பையே சொல்கிறேன். 2012-ஆம் ஆண்டு 'உலகத் தொடர் ஹாக்கி' என்ற போட்டி நடந்தது. அதில் தன்ராஜ் பிள்ளை தம் 43-ஆம் வயதில் ஆடியது நம் பெங்களூர் அணியான கர்நாடக லயன்ஸுக்காக. இந்த ஊரிலும் ஆட்டங்கள் நடந்தன. நான் அப்போது வேலையில் சேர்ந்த புதிது. மாலைப் பணியில் பயணச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாலை விடுப்புக் கேட்டிருக்கலாம், கேட்கத் துணிவில்லை. அந்தப் போட்டி அந்த ஓர் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆறு நாடுகள் சுற்றிய தமிழர் என் ஊருக்கே ஆடவந்தும் நான் காணாது போனேன்.

மைதானத்தைவிட்டு வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. "நானும் ஆடட்டுமா அப்பா?" என்றான் மகன். பள்ளிப் படிப்பை விடக்கூடாது என்பது என் நிபந்தனை. ஊர்கள் பல காணலாம், ஆனால் திரும்பி வர ஒரு வேலையும் ஒரு வீடும் வேண்டும் என்பதைத் தன்ராஜின் வாழ்விலிருந்தே எடுத்துச் சொன்னேன். அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ அறியேன். தலையை மட்டும் பலமாக ஆட்டினான்.

மறுநாள் மேலதிகாரியிடம் சென்று, ஞாயிறு காலைப் பொழுதில் ஓய்வு கிடைக்கும்படி என் பணிமுறையை மாற்றித் தரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட உத்தியோகத்தில் எனக்காக நான் கேட்ட முதல் வேண்டுகோள் அது. பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும், வரும் ஞாயிறு நாங்கள் இருவரும் சாந்திநகர்ப் பேருந்தில் இருப்போம். நம் சங்கத்துக் குடும்பத்தினரும் பிள்ளைகளை அழைத்து வந்தால், வழித்துணையாக இருக்கும்.