நன்றி: இணையம்

"நன்றி: இணையம்" என்று எத்தனை படங்களின் கீழ் அச்சேற்றியிருப்பேன் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. பத்திரிகைத்துறையில் பலரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். அந்த இரண்டு சொற்களில் நன்றியும் இல்லை, நன்றிக்குரியவரும் இல்லை என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு பாக்குவெட்டி.

2007 ஆம் ஆண்டு. கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்குப் பொறுப்பாக இருந்தேன். வெற்றிலை போடும் வழக்கம் பற்றிய கட்டுரையொன்று பக்கத்தில் ஏறிவிட்டது. படம் மட்டும் இல்லை. இணையத்தில் தேடியபோது ஓர் ஏலத்தளத்தில் பழைய பித்தளைப் பாக்குவெட்டி ஒன்று விற்பனைக்கு இருந்தது. முதிய பெண்ணொருவரின் உள்ளங்கையில் அதனை வைத்து, யன்னல் வெளிச்சத்தில் அழகாகப் படமெடுத்திருந்தார்கள். ஒரு நிமிடத்தில் அது என் கணனிக்கு வந்தது. மறுநாள் வாசகர் கைக்குப் போனது. கீழே வழக்கமான நன்றி.

மூன்றாம் நாள் லண்டனிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. "ஐயா, நான் பாக்குவெட்டியைத்தான் விற்பனைக்குப் போட்டேன். அம்மாவின் கையைப் போடவில்லை. ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் தந்திருப்பேனே" என்று இருந்தது.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். பொருள் பழையது, படம் எல்லோரும் பார்க்கும் இடத்தில் கிடந்தது, பத்திரிகைக்கு இதனால் ஒரு சதமும் வரவில்லை என்று பதில் எழுதத் தொடங்கினேன். பாதியில் கை நின்றுவிட்டது. தொண்ணூறுகளில் நான் எடுத்த படமொன்றை இன்னொரு பத்திரிகை என் பெயரின்றி வெளியிட்டபோது, அந்த ஆசிரியபீடத்துக்கு நேரில் போய்ச் சண்டை பிடித்தவன் நான். அன்று எனக்கிருந்த நியாயம் இன்று அந்தப் பெண்மணிக்கு இல்லாமற் போகுமா?

சட்டமும் அவர் பக்கம்தான் நின்றது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் ஒரு படைப்பாகவே கொள்கிறது. பதிவு செய்யவேண்டியதில்லை, எடுத்தவுடன் உரிமை பிறந்துவிடும். எடுத்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். தன் பெயர் குறிப்பிடப்படவேண்டும் என்று கேட்கும் உரிமையும் அதில் அடங்கும்.

பழைய ஓவியமொன்றை உள்ளது உள்ளபடி பிரதி செய்யும் படத்துக்குப் புதிய உரிமை இல்லை என்று 1999 இல் நியூயோர்க் நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் பாக்குவெட்டி தட்டையான ஓவியமல்ல. எந்தக் கோணம், எந்த வெளிச்சம், யாருடைய கை என்பதையெல்லாம் ஒருவர் தீர்மானித்துத்தான் அந்தப் படம் உருவானது. பொருளை விலைகொடுத்து வாங்கியவருக்குக்கூடப் படம் சொந்தமாகிவிடாது. நாளை அவர் அதனை மறுபடி விற்பதானால், பழைய படத்தைப் போட முதலில் அனுமதி கேட்கவேண்டும்.

இது உரிமைக்கு அப்பாற்பட்ட விடயமும்கூட. 1995 இல் ஈபே தொடங்கிய காலத்திலிருந்து, காணாத மனிதரிடம் காணாத பொருளை வாங்குவது வழக்கமாகிவிட்டது. சந்தையில் என்றால் பொருளைத் தூக்கிப் பார்ப்போம், தட்டிப் பார்ப்போம். ஏலத்தளத்திலோ படம் ஒன்றுதான் சாட்சி. "இதோ என் கையில் இருப்பது இதுதான்" என்று விற்பவர் தரும் வாக்கு அது. மற்றவரின் படத்தை எடுத்துத் தன் பொருளுக்குப் போடுபவர் திருடுவதோடு பொய்ச் சாட்சியும் சொல்கிறார். ஒரே படத்தை இரண்டு இடங்களில் காணும் வாடிக்கையாளர் இருவரையுமே சந்தேகிப்பார். நேர்மையானவருக்கும் வியாபாரம் கெடும்.

சிலர் படத்தைப் பிரதி செய்யவும் சோம்பி, அதன் முகவரியை மட்டும் தம் பக்கத்தில் ஒட்டிவிடுவதுண்டு. படம் அங்கே தோன்றும். அதற்கான வழங்கிச் செலவு உரியவர் தலையில் விழும். பொறுமை இழந்த சிலர் அதே முகவரியில் வேறு படத்தை மாற்றி வைத்துப் பழிவாங்கிய கதைகளும் உண்டு.

தொடங்கிய பதிலை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அடுத்த ஞாயிறு திருத்தமும் வெளியிட்டோம். பணம் அனுப்பவா என்று கேட்டதற்கு, "வேண்டாம். அம்மாவுக்குக் காட்டப் பத்திரிகையின் அச்சுப் பிரதி ஒன்று மட்டும் தபாலில் அனுப்புங்கள்" என்றார். இரண்டு பிரதிகள் அனுப்பினேன்.

அதன்பின் என் பக்கத்தில் அந்த இரண்டு சொற்களும் வரவில்லை. அனுமதி கேட்டு ஒரு வரி எழுதுவேன். அநேகமாகச் சம்மதம் வரும், பெரும்பாலும் பொருளின் கதையும் சேர்ந்து வரும். பதில் வராத வாரங்களில் கட்டுரை படமில்லாமலே போனது. அதற்காக எந்த வாசகரும் என்னிடம் முறைப்பட்டதில்லை.