ஓமலூரில் கடைப்பலகை: எழுத்து, தூரம், வெயில்

பெயர்ப்பலகையின் எழுத்தளவை, படிப்பவர் நிற்கும் தூரமும் அவர் போகும் வேகமும் முடிவு செய்கின்றன. ஓமலூரில் இரண்டு வகை வாசகர்கள் உண்டு. சேலம்–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் (முன்பு 7, இப்போது 44) விரைபவர் ஒருவர். பேருந்து நிலையத்தைச் சுற்றிய கடைவீதியில் பையோடு நடப்பவர் மற்றவர்.

மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் கார் நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. பெயரைப் படித்து வண்டியை ஓரங்கட்ட முடிவெடுக்க மூன்று நொடி என்று வைத்தாலும், 66 மீட்டருக்கு முன்பே, அதாவது சுமார் 220 அடியிலேயே, எழுத்து தெரிய வேண்டும். பத்தடிக்கு ஓர் அங்குலம் என்பது போர்டு தொழிலின் பொதுக்கணக்கு. அதன்படி சாலையோர உணவகத்துக்கு 22 அங்குல எழுத்து வேண்டும்; கடைவீதியில் 40 அடி தள்ளி எதிர்வரிசையில் நடப்பவருக்கு 4 அங்குலம் போதும். கடைவீதிப் பலகையையே பெரிதாக்கி நெடுஞ்சாலையில் மாட்டுவதுதான் பரவலான பிழை. ‘ஹோட்டல்’ என்ற சொல்லும் ஓர் அம்புக்குறியும் போதுமான இடத்தில் உரிமையாளர் படம், கிளைகளின் பட்டியல், கைபேசி எண்கள் என்று நிரப்புகிறார்கள். அந்த வேகத்தில் எண்ணைக் குறித்துக்கொள்பவர் எவருமில்லை.

பத்தடிக் கணக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் பொருந்துவது. தமிழுக்கு அப்படியே எடுத்தால் ஏமாற்றும். ‘கீ’யின் கொக்கி மேலே ஏறும், ‘கு’வின் வளைவு கீழே இறங்கும், ஆகவே ‘க’வின் உடலை மட்டும் அளந்து அங்குலம் குறிக்க வேண்டும். ண, ஞ, இ ஆகியவற்றைத் தடித்த எழுத்துருவில் அச்சிட்டால் சுழிகள் தூரத்தில் அடைந்து கரும்புள்ளியாகிவிடும். முதலில் காணாமல் போவது புள்ளி: ‘பால்’ கடை எட்ட இருந்து ‘பால’ ஆகிறது. பல கணினி எழுத்துருக்களில் ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும்.

தூரிகை பிடித்த ஆர்ட்டிஸ்டுகளுக்கு இது கைப்பழக்கம். தகரத்துக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, எனாமல் பூசி, சாக்பொடி தடவிய நூலைச் சுண்டிக் கோடு போடுவார்கள். எழுத்துகளை எண்ணிச் சாக்பீஸால் இடம் பிரித்த பிறகுதான் பெயின்ட் டப்பா திறக்கும். புள்ளியைச் சற்றுப் பெரிதாகவே வைப்பார்கள். ‘ண’வின் சுழிகளை அகலப்படுத்துவார்கள். எழுத்தின் ஒரே பக்கமாக விழும் நிழலும் அழகுக்கு மட்டும் வந்ததன்று, பின்னணியிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டுவது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்து லாரிகளின் முகப்பிலும் பின்கதவிலும் இந்தக் கைவேலையை இன்னும் பார்க்கலாம். கணினி முன் அமரும் புதிய வடிவமைப்பாளர் ஒரு மணி நேரம் இவர்கள் பக்கத்தில் நின்றால் நல்லது.

பிளெக்ஸ் வந்தபின் பலகை ஒரே நாளில் தயாராகிறது, சதுர அடிக் கணக்கில் மலிவு. சேலம் வெயில்தான் அதற்கு எதிரி. அச்சு மையில் மெஜந்தாவும் மஞ்சளும் முதலில் வெளுக்கும்; நீலமும் கருப்பும் தாங்கும். சிவப்பு அந்த இரண்டும் கலந்த நிறம் என்பதால் சிவப்புப் பின்னணி சீக்கிரம் சோர்ந்துவிடும். மஞ்சளில் கருப்பு எழுத்து தூரத்துக்கு மிகத் தெளிவானது. வெயில் பட்டாலும் கருப்பு நிற்பதால் படிக்கத் தடையிராது. நாள்பட நிற்க வேண்டுமென்றால் ஏசிபி (அலுமினியக் கலப்புத் தகடு) ஷீட்டில் அக்ரிலிக் எழுத்து ஏற்றுகிறார்கள்.

மொழி, உரிமையாளர் விருப்பத்துக்கு விட்டதன்று. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, அதன் 1948 விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்ற விகிதம். 20 அங்குல இடத்தில் மூன்றும் வந்தால் 10, 6, 4. தொழிலாளர் துறை இதைப் பார்வையிடுகிறது.

கோடைமழைக்கு முன் வீசும் காற்று பெரிய பிளெக்ஸைப் பாய்மரமாக்கிவிடும். காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். பலகையைத் தாங்கும் சட்டகத்தின் சதுரக்குழாயும் சுவரில் இறங்கும் ஆங்கர் போல்ட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டிய பேனர் விழுந்து இளம்பெண் ஒருவர் லாரியில் சிக்கி இறந்தார்.

பலகையைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் எதிரே நிற்பவருக்குத் தெரியும்; தெருவோடு வருபவருக்குச் செங்குத்தாக நீட்டிய சிறு பலகையே தெரியும். இரவில் எழுத்தின் பின்னிருந்து ஒளி வருவதானால் எல்இடி மாட்யூல்களை நெருக்கமாக வைக்க வேண்டும், இல்லையேல் எழுத்தில் திட்டுத்திட்டாக ஒளி தெரியும். மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கும் பெட்டியை மழை படாத, ஏணி எட்டும் இடத்தில் பொருத்துவது வழக்கம். பழுதாவது பெரும்பாலும் அதுதான்.