வாளிக்குள் ஒரு குளிர்காலப் பயிர்: குன்னூர் முற்றங்களில் பட்டாணி வளர்ப்பு

நீலகிரி மலையில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரைச் சுற்றித் தேயிலைச் சரிவுகள் சூழ்ந்திருக்க, அவற்றில் உழைப்பவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் முன்னால் பயிரிடுவதற்கென்று எஞ்சும் இடம் ஒரு திண்ணையளவே. திறந்த பாத்தி போட இடம் கிடைத்தாலும், வடகிழக்குப் பருவமழை அதில் நீர் தேங்கச் செய்கிறது. இரவில் குடியிருப்புக்குள் இறங்கும் காட்டெருமை முளைத்ததை மேய்ந்துவிடுகிறது. பழைய பெயிண்ட் வாளியிலும் உரச்சாக்கிலும் மண் நிரப்பி, அவற்றைத் தாழ்வாரத்தின் கீழ் வரிசையாக வைத்துப் பட்டாணி வளர்க்கும் முறை இந்த நெருக்கடிகளுக்கு விடையாகவே அமைந்திருக்கிறது. இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. கைப்பழக்கத்தால் தேர்ந்த ஒரு தொழில்நுட்பம் இதற்குள் இருக்கிறது.

பட்டாணி குளிரை விரும்பும் பயிர். இளஞ்செடி லேசான உறைபனியைக்கூடத் தாங்கும். ஆனால் பகல் வெப்பம் 30 பாகை செல்சியசை நெருங்கும்போது பூக்கள் உதிர்ந்து காய்ப்புக் குறைகிறது. சமவெளியில் தழைத்து வளரும் செடிகூடப் பெரும்பாலும் காயில் ஏமாற்றுவதற்கும், மலைப்பகுதிகளில் பிப்ரவரி–மார்ச், அக்டோபர்–நவம்பர் என இரு விதைப்புப் பருவங்கள் வாய்த்திருப்பதற்கும் இதுவே காரணம்.

வேலை விதைத் தேர்விலிருந்து தொடங்குகிறது. கடையில் சமையலுக்கு விற்கும் உருண்டையான உலர் பட்டாணி மாவுச்சத்து மிகுந்தது. பச்சையாக உண்பதற்குரிய இனிப்பு வகைகளின் விதையோ உலர்ந்ததும் சுருங்கி வரிவரியாகக் காணப்படும். சுருங்கிய விதை குளிர்ந்த ஈரமண்ணில் எளிதில் அழுகும் என்பதால், ஓர் இரவு ஊறவைத்து முளை எட்டிப் பார்த்த பின்னரே அதை ஊன்றுவோர் உண்டு. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய தொழுவுரம், ஒரு பங்கு தேங்காய் நார்க்கழிவு என்னும் கலவையில், இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில், நான்கு விரல் இடைவெளியில் விதைகள் ஊன்றப்படுகின்றன. வாளியின் அடியில் துளைகள் இல்லையேல் மற்ற எல்லாக் கவனமும் வீணாகும்.

முளைத்த சில நாள்களில் முதல் எதிரி வருகிறது. செம்மீசைச் சின்னான் என்னும் குருவி இளங்குருத்தைக் கிள்ளிச் சென்றாலும் அனுபவமுள்ள பெண்கள் பதறுவதில்லை. பட்டாணியின் பருப்பிலைகள் மண்ணுக்கு அடியிலேயே தங்கிவிடுவதால், அவற்றில் சேமித்த உணவைக் கொண்டு கீழ்க்கணுவிலிருந்து புதிய குருத்து எழும். நான்கைந்து இலைகள் விட்டதும் கொழுகொம்பு நடப்படுகிறது. தேயிலைச் செடியைக் கவாத்து செய்கையில், அதாவது கிளைகளை வெட்டித் தாழ்த்துகையில், கிடைக்கும் கிளைத்த குச்சியே இங்கே கொழுகொம்பு. இலையின் நுனி உருமாறி உண்டான பற்றுக்கம்பி, தடித்த கம்பைவிட இத்தகைய மெல்லிய குச்சியை எளிதில் சுற்றிப் பிடிக்கிறது.

வாளிக்கு எந்தச் செடி ஏற்றது என்ற கேள்விக்குப் பின்னால் அறிவியல் வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் இருக்கிறது. இன்றைய செக் நாட்டின் புர்னோ நகர மடத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணியை ஆராய்ந்த கிரிகோர் மெண்டல், நெட்டை, குட்டைச் செடிகளைக் கலந்து பெற்ற இரண்டாம் தலைமுறையில் 787 நெட்டைகளையும் 277 குட்டைகளையும் எண்ணினார். பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்துவிடுகின்றனவா என்று ஒப்பிட்டறிவதற்காக அவரும் சில செடிகளைத் தொட்டியிலிட்டுக் கண்ணாடிக் குடிலில் வைத்திருந்தார். பூ விரியும் முன்பே தன் மகரந்தத்தால் தானே சூலுறும் இயல்புடையதால், தேனீ வராத தாழ்வாரத்திலும் பட்டாணி காய்க்கிறது. ஆளுயரம் வளரும் நெட்டை வகை வாளியோடு சாய்ந்துவிடும்; முழங்கால் அளவோ இடுப்பளவோ நிற்கும் குட்டை வகையே வாளிக்கு ஏற்றது.

உரத்தைவிட நீரே இங்கு நுணுக்கமான பாடம். பட்டாணியின் வேர்முண்டுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்கு ஆக்கித் தருவதால், யூரியா இட்டால் இலை கொழுத்துக் காய் குறையும். நீர் ஊற்றுமுன் ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் நுழைத்துப் பார்ப்பதும், விரல் நுனியில் ஈரம் ஒட்டினால் செம்பைத் திரும்ப வைத்துவிடுவதும் இப்பெண்களின் அன்றாடச் செயல். பூவும் பிஞ்சும் தோன்றும் பருவத்தில் மட்டும் மண் ஒருநாளும் உலர விடப்படுவதில்லை. இலையில் வெள்ளைப் பொடியாகப் படரும் சாம்பல் நோய்க்குக் காற்றோட்டமே முதல் மருந்து என்பதால், வாளிகளுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி விடப்படுகிறது.

காய் பறித்த பின் செடியை வேரோடு பிடுங்காமல் அடியோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டு, அதே வாளியில் கீரை விதைக்கிறார்கள். வேர்முண்டு ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நுண்ணுயிர் உழைத்ததற்கு அந்த நிறமே சான்று.

ஒரு வாளியில் ஆறேழு செடிகள் நின்றாலும் ஒரு நேரக் குழம்புக்கான பட்டாணியே கிடைக்கும் என்பதால், இதைப் பண இலாபக் கணக்கால் அளக்க இயலாது. ஆனால் பறித்த சில மணி நேரத்திலேயே பட்டாணியின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. லாரியேறி மேட்டுப்பாளையம் இறங்கிச் சந்தை கடந்து வரும் காய் எவ்வளவு பசுமையாகத் தோன்றினாலும் அந்த இனிப்பில் ஒரு பகுதியை வழியிலேயே இழந்திருக்கிறது. தேயிலை பறித்துக் களைத்துத் திரும்பும் ஒரு பெண், அடுப்பில் நீர் கொதிக்கும்போது திண்ணைக்கு வந்து பறிக்கும் ஒரு கைப்பிடிக் காயில் அந்த இனிப்பு முழுமையாக இருக்கிறது. குளிர்ந்த ஊரில் வாழ்வோர் ஓட்டையிட்ட ஒரு பழைய வாளியைக் கொண்டே இதைத் தொடங்கலாம். பதினைந்து நாள்களுக்கு ஒரு வாளி என முறைவைத்து விதைத்தால் பருவம் முழுதும் காய் கிடைக்கும்.