மேல் ஈரம்

தாயி, வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்து வந்தவர்கள் எழுதுகிற தகுதித் தேர்வில் போன தடவை உனக்கு வந்தது 141. தேற வேண்டியது 150. முடிவு வந்த அன்றைக்கு நீ அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய்: "போன மாசம் வீட்ல எழுதிப் பாத்தப்ப 158 வந்துச்சே தாத்தா, அது எங்க போச்சு?" அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து எடுத்துக் கொடுத்தே தலை நரைத்தவன். கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் இன்றைக்கும் என்னைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் டாக்டர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

முதலில் உன் கணக்கைப் பார்ப்போம். 300 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை. தப்பாகக் குறித்தால் மார்க் குறைப்பது கிடையாது. அப்படியானால் உறுதியாக 100 கேள்விக்குத் தெரிந்த ஒருத்தி, மீதி 200-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே நாலுக்கு ஒன்று வீதம் 50 விழும். கூட்டிப் பார், 150. நல்ல நாளாக இருந்தால் இன்னும் நாலைந்து கூடும், கெட்ட நாளாக இருந்தால் நாலைந்து குறையும். வீட்டில் எழுதிப் பார்த்ததில் நீ முன்பே பார்த்த கேள்விகளும் கலந்திருந்தன என்று நீயே சொன்னாய். அந்த 158-இல் எத்தனை உனக்குத் தெரிந்தது, எத்தனை குருட்டாம்போக்கில் விழுந்தது? உனக்கே தெரியாது. காணாமல் போனது அதுதான். உன்னிடம் இல்லாததுதான் காணாமல் போனது.

என் அப்பாவுக்கு மானாவாரி நிலம் மூன்று ஏக்கர். நம் கரிசலில் கிணற்றை நம்ப முடியாது, மழையைத்தான் நம்பணும். புரட்டாசியில் முதல் மழை பெய்ததும் தெருவே ஏர் கட்டக் கிளம்பும். அப்பா மட்டும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டில் நாலு இடத்தில் வெட்டிப் பார்ப்பார். அடிமண்ணை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பிடிப்பார். உருண்டையானால் விதைப்பு. உதிர்ந்தால் திரும்பி வந்துவிடுவார். "மேல் ஈரந்தான். இன்னும் ஒரு உழவு மழை வேணும்" என்பார். மேலே பார்த்தால் எல்லாக் காடும் ஒரே கருப்பாகத்தான் தெரியும். முளைத்து, மறுமழை தாமதித்தபோதுதான் யார் காட்டில் அடி ஈரம் இருந்தது என்பது தெரியவரும்.

தெரிந்ததையும் ஊகித்ததையும் இப்படிப் பிரித்துப் பார்ப்பதை நான் அப்பாவிடம் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் பொய். வேலைக்குச் சேர்ந்து ஆறு வருசம் கழித்து, அவமானப்பட்டுத்தான் கற்றேன். ஒரு நாள் வெளிநோயாளி வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஒரு கிழவியின் சீட்டில் மருந்தின் பெயர் புரியவில்லை. முதல் மூன்று எழுத்தை வைத்து ஒரு மாத்திரையை எடுத்துப் பொட்டலம் கட்டிவிட்டேன். அந்தக் கிழவி சந்தேகப்பட்டு டாக்டரம்மாவிடமே திரும்பக் கொண்டுபோய்க் காட்டியதால் ஒன்றும் ஆகவில்லை. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "தெரிஞ்சு எடுத்தீங்களா, இருக்கும்னு எடுத்தீங்களா?"

அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு சீட்டுக்கும் அந்தக் கேள்வியை எனக்குள் கேட்டுக்கொண்டுதான் டப்பாவைத் திறந்தேன்.

ஓய்வுக்கு இரண்டு வருசம் இருக்கும்போது ஒரு சின்ன டாக்டர் வந்தார். உன் வயசுதான். ஒரு ராத்திரி, உளுந்தங்காட்டில் கடி வாங்கிய ஒருத்தரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூட வந்ததில் ஒருத்தர் கண்ணாடி விரியன் என்கிறார், இன்னொருத்தர் சாரை என்கிறார். "ஊசியப் போடுங்க" என்று ஒரே சத்தம். விஷமுறிவு மருந்து சும்மா போடுகிற ஊசியில்லை. சிலருக்கு அதுவே ஒவ்வாமையாகி உயிருக்கு ஆபத்தாகும். போடாமல் விட்டாலும் ஆபத்து. அந்தப் பையன், அத்தனை பேர் முன்னால் சொன்னார்: "என்ன பாம்புன்னு எனக்குத் தெரியல. ரத்தம் சொல்லும். இருபது நிமிசம் பொறுங்க."

சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் நிறுத்தி வைத்தார். கண்ணாடி விரியன் விஷம் ஏறியிருந்தால் ரத்தம் உறையாது. குழாய் கண்ணாடியாகத்தான் இருக்கணும், சோப்பு போட்டுக் கழுவியிருக்கக் கூடாது. இல்லாவிட்டால் சோதனையே பொய் சொல்லும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவர் ஒரு பக்கம், மருந்துக் குப்பிகளோடு நான் ஒரு பக்கம். இருபதாவது நிமிசம் குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீராக ஓடியது. அதற்குமேல் ஒரு நொடி தாமதிக்கவில்லை. பத்துக் குப்பியையும் நுரைக்காமல் உருட்டி உருட்டி நான் கரைத்துக் கொடுக்க, ஒவ்வாமை வந்தால் போட வேண்டிய ஊசியைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு அவர் ஏற்றினார். அந்த மனுசன் பிழைத்துக்கொண்டார்.

தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கமில்லை. எது தெரியும், எது தெரியாது என்ற எல்லை அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. படிப்பு என்று நான் சொல்வது அதைத்தான்.

"ஆறு வருசம் ஜார்ஜியாவுல படிச்சவளுக்கு இன்னொரு பரீட்சை எதுக்கு?" என்று உன் அப்பா கோபப்படுகிறான். அவன் கஷ்டம் எனக்குப் புரிகிறது, வட்டி கட்டுகிறவன் அவன். ஆனால் இது உன்னை மட்டும் குறிவைத்து வந்த பரீட்சை இல்லை. 1914-லேயே சென்னை மாகாணத்தில் மருத்துவர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்துவிட்டது. என் சின்ன வயசில் ஊருக்கு வைத்தியம் பார்த்த எல்.எம்.பி. டாக்டரின் பட்டயத்திலேயே உரிமம் என்ற சொல் இருந்தது. 2002 மார்ச் 15-க்குப் பிறகு வெளிநாட்டில் பட்டம் வாங்கிய இந்தியர்களில் பெரும்பாலோர் இங்கே பதிவு பெற இந்தத் தகுதித் தேர்வை எழுதித்தான் ஆகணும். இங்கே எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு இங்கிலாந்து போகிற நம் பிள்ளைகள் அங்கே பிளாப் என்ற தேர்வை எழுதுகிறார்கள். இலங்கையிலும் வெளியே படித்து வந்தவர்களுக்குத் தனித் தேர்வு உண்டு. ராத்திரியில் தூக்கிக்கொண்டு வரப்படுகிறவருக்கு டாக்டரைத் தேர்ந்தெடுக்க நேரம் கிடையாது. அவருக்காக வேறு யாரோ முன்கூட்டியே கேட்டு வைக்கிற கேள்விதான் இது.

தோற்றது அவமானமில்லை. 2023 டிசம்பர் பருவத்திலும் 2024 ஜூன் பருவத்திலும் எழுதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் தேறினார்கள். தெருவில் கேட்டால், "தேறல, மறுபடி எழுதுறேன்" என்று நேராகச் சொல்லிவிடு. மறைக்கச் செலவாகிற தெம்பைப் படிப்பில் போடலாம்.

இனி வேலையைச் சொல்கிறேன். எழுதிப் பார்க்கிற ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், விடையைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு குறி போடு. தெரிந்து குறித்தால் 'தெ'. இருக்கும் என்று குறித்தால் 'இ'. அப்புறம் திருத்து. 'இ' போட்டுச் சரியாக வந்ததையும் தவறு என்றே வைத்துக்கொண்டு திரும்பப் படி. 'தெ' போட்டுத் தவறாக வந்தால் அந்தப் பக்கத்தைச் சிவப்பில் கட்டம் கட்டு. ஆஸ்பத்திரியில் ஆளைக் கொல்வது அந்த மாதிரித் தப்புதான். 300-இல் 200 கேள்வி மருத்துவம், அறுவை, பிரசவம் என்று நோயாளி பக்கத்தில் நிற்கிற பாடங்கள். அதில் சமூக மருத்துவம் மட்டும் 30. தடுப்பூசிப் பெட்டிக்குள் இரண்டிலிருந்து எட்டு டிகிரி இருக்கணும் என்று சின்னப் பிள்ளையாக என்னோடு வந்து வெப்பமானி பார்த்தவள் நீ. அந்த மாதிரி கையால் தெரிந்தது ஒருநாளும் மறக்காது.

பரீட்சை அன்றைக்கு மட்டும் ஒன்றையும் காலியாக விடாதே. கேள்விக்கு ஒரு நிமிசம், தெரியாததையும் குறித்துவிட்டு வா. அங்கே ஊகிக்க அனுமதி உண்டு. தேறிய பிறகு இங்கே ஒரு வருசப் பயிற்சி. அதற்கப்புறம் உன் முன்னால் உட்கார்கிறவர் அந்த அனுமதியைத் தரமாட்டார்.

இன்றைக்கு ராத்திரி எழுதிப் பார்த்துவிட்டு, நாளைக் காலையில் காப்பி கொண்டுவரும்போது எத்தனை மார்க் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். எத்தனை 'இ' என்று மட்டும் சொல்.